பேப்பர் வருகிறது, நிருபர் வருவதில்லை

2025 மே மாதக் கடைசியில் மதுரையில் ஒரு கால்வாய்க்குத் துணி கட்டினார்கள். தி.மு.க. பொதுக்குழுவுக்காக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஊருக்கு வருகிறார், ரோடு ஷோ போகிறார், வழியில் பந்தல்குடி கால்வாய் கிடக்கிறது. குப்பையும் சாக்கடையும் தேங்கிய கால்வாயை ஒரே நாளில் தூர்வார முடியாது. மறைக்க ஒரு நாள் போதும். நீளமாகத் திரை கட்டினார்கள். திரையைப் படம் எடுத்துச் செய்தி போட்டார்கள். பிறகு திரை அவிழ்ந்தது, முதலமைச்சரே கரைக்கு வந்து கால்வாயைப் பார்த்துவிட்டுப் போனார்.

கால்வாய் ஓடுகிற செல்லூர்ப் பகுதிக்காரர்களுக்கு அதை யாரும் திரை விலக்கிக் காட்டத் தேவையில்லை. செல்லூர் கண்மாயின் உபரித் தண்ணீர் வைகைக்குப் போகிற வழி அது. 2024 அக்டோபர் 25ஆம் தேதி கொட்டிய மழையில், போக வழியில்லாத தண்ணீர் தெருவுக்கும் வீட்டுக்கும் வந்தது. அதற்குப் பிறகு கண்மாயிலிருந்து ஆற்றுக்குச் சிமெண்ட் கால்வாய் கட்ட ரூ.11.9 கோடி ஒதுக்கப்பட்டது.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. திரை ஒன்று. கையில் செல்போன் இருக்கிற யாரும் எடுக்கக்கூடிய படம் அது. இன்னொன்று, அக்டோபர் மழைக்கும் மே மாதத் திரைக்கும் நடுவிலிருந்த ஏழு மாதம். தூர்வாரும் வேலையை யார் எடுத்தார், எத்தனை மீட்டர் தோண்டினார், எவ்வளவுக்குப் பில் பாஸானது, மாமன்றக் கூட்டத்தில் எந்தக் கவுன்சிலர் இதைக் கேட்டார், என்ன பதில் வந்தது? இதைத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் மாநகராட்சி அலுவலகமான தல்லாகுளம் அண்ணா மாளிகையில் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். பொறியியல் பிரிவு எழுத்தரோடு டீ குடிக்க வேண்டும். தீர்மான நகலை வாங்கி வாசிக்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் அவர் வெறுங்கையோடுதான் அலுவலகம் திரும்புவார். வெறுங்கையோடு திரும்பிய நாளுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு என்பதுதான் பத்திரிகைத் தொழிலின் அடிப்படை ஏற்பாடு. மதுரையில், தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில், இப்போது கழன்றுகொண்டிருப்பது அந்த ஏற்பாடு.

இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். விடிகாலையில் பேப்பர் கட்டு வந்து இறங்கத்தான் செய்கிறது. டீக்கடையில் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிக்கிறார்கள். பெட்டிக்கடையில் தலைப்புச் செய்திப் போஸ்டர் தொங்குகிறது. அமெரிக்காவில் ஊர்ப் பத்திரிகை சாகும்போது கதவைப் பூட்டுகிறார்கள், கடைசி இதழ் போடுகிறார்கள், வாசகர்கள் கண்ணைக் கசக்குகிறார்கள். நம் ஊரில் பத்திரிகை சாகாமல் அதற்குள் வேலை செய்கிறவர்கள் மட்டும் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே போக முடியும். வாசகருக்கு எந்த அறிவிப்பும் வராது. பக்க எண்ணிக்கை அதேதான், எழுத்தும் அதேதான். பக்கத்தில் நிறைந்திருப்பதில் பாதி, அரசு மக்கள் தொடர்புத் துறை அனுப்பிய குறிப்பும் அமைச்சர் குத்துவிளக்கு ஏற்றிய படமும்.

மதுரையின் கதை இதற்கு நேர் எதிராகத் தொடங்கியது. பாரதியின் கவிதை முதன்முதலாக அச்சேறியதே மதுரையில்தான்: 1904 ஜூலையில், 'விவேகபானு' என்ற உள்ளூர் மாத இதழில். அடுத்த மாதம் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தவர், நவம்பரில் அதை விட்டுவிட்டுச் சென்னை 'சுதேசமித்திர'னுக்கு உதவியாசிரியராகப் போனார். வாத்தியார் சம்பளத்தை உதறிவிட்டுப் பத்திரிகைக்குப் போனவர்களின் நீண்ட வரிசையில் அவர் முன்னால் நிற்கிறார்.

1942 நவம்பரில் சி.பா. ஆதித்தனார் 'தந்தி'யைத் தொடங்கியதும் மதுரையில். லண்டனில் பாரிஸ்டர் படித்து, சிங்கப்பூரில் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு வந்தவர். அன்றைய தமிழ்ப் பத்திரிகைகள் டெல்லியையும் லண்டனையும் படித்தவர் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு அவருடைய பேச்சிலேயே, அவருடைய ஊர்ச் செய்தியைக் கொடுத்தார். கிணற்றில் விழுந்தவர், கோர்ட்டில் மயங்கியவர், சந்தையில் பிடிபட்டவர். மேட்டுக்குடி முகம் சுளித்தது. தறிக்காரரும் தள்ளுவண்டிக்காரரும் காசு கொடுத்து வாங்கினார்கள். தமிழில் பத்திரிகை ஒரு பெரிய தொழிலாக மாறியதன் அடித்தளம் உள்ளூர்ச் செய்தி என்பதை இன்றைய முதலாளிகளுக்கு நினைவூட்ட மதுரையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

ஆலை அதிபர் கருமுத்து தியாகராசர் 'தமிழ்நாடு' என்ற நாளிதழை நடத்தினார். 1963இல் சென்னையில் வார இதழாகப் பிறந்த 'தீக்கதிர்', மதுரைக்கு வந்து 1971இல் நாளிதழானது. 1980இல் 'தினமலர்' மதுரைப் பதிப்பு வந்தது. 2013 செப்டம்பரில் 'தி இந்து' தமிழ் தொடங்கியபோதும் மதுரை பதிப்பு நகரமாக இருந்தது. ஒரு பத்திரிகையின் நிருபருக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குக் கிடைத்துவிடும் என்ற பயமே அந்தக் காலத்தில் எல்லோரையும் ஓடவைத்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், பெரிய ஆஸ்பத்திரி பிரேதப் பரிசோதனைக் கூடம், கமிஷனர் ஆபீஸ், மாநகராட்சி, 2004க்குப் பிறகு ஐகோர்ட்டு கிளை. ஒரு பத்திரிகைக்கு இந்தச் சுற்றுக்கு மட்டும் நான்கைந்து பேர் வேண்டும். இப்போது ஒருவர் இரண்டு மூன்று சுற்றைப் பார்க்கிறார், அதே ஆள் இணையத்துக்கும் எழுதுகிறார், வீடியோவும் எடுத்து அனுப்புகிறார்.

ஆபத்தும் குறைவில்லை. 2007 மே 9ஆம் தேதி, கருத்துக்கணிப்பு ஒன்று வெளியானதற்காக மதுரை 'தினகரன்' அலுவலகம் தாக்கித் தீவைக்கப்பட்டது. இறந்த மூவரில் எழுதுகிறவர் ஒருவர்கூட இல்லை. இரண்டு பேர் கணினிப் பொறியாளர்கள், ஒருவர் காவலாளி. கீழ்க்கோர்ட்டு எல்லோரையும் விடுவித்தது. 2019 மார்ச்சில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

ஆட்குறைப்பு திடீரென்று வந்ததில்லை. கரோனா அதற்கு ஒரு சாக்கு கொடுத்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு விளம்பரம் நின்றது, பக்கங்கள் மெலிந்தன, பேப்பரில் கிருமி ஒட்டியிருக்கும் என்று பயந்து பேப்பர் போடுகிற பையனை வாசலிலேயே நிறுத்தினார்கள். ஏப்ரலிலேயே பத்திரிகையாளர் சங்கங்கள் வேலைநீக்கத்தையும் சம்பளவெட்டையும் எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1926இல் தொடங்கிய விகடன் குழுமத்தில் 170 பேருக்கு மேல் வேலையிழந்ததாக மே மாதம் செய்தி வந்தது. தமிழ் வாசகர்களை அது உலுக்கியதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமில்லை. மாணவப் பத்திரிகையாளர் திட்டம் மூலம் ஊர் ஊராகப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து எழுதப் பழக்கிய நிறுவனம் அது. அங்கேயே இப்படி என்றால் மற்ற இடத்தில் என்ன என்ற கேள்வி எழுந்தது. மற்ற இடங்களில் அதே காலத்தில் நடந்தது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடந்தது.

சத்தமில்லாமல் நடப்பதற்கு ஒரு முறை உண்டு. அதைத் தொழிலில் உள்ள எல்லோரும் அறிவார்கள். ஹெச்.ஆர். கூப்பிடுகிறார். மேசையில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் இரண்டு மூன்று மாதச் சம்பளமும் அனுபவச் சான்றும். போடாவிட்டால் வேறு ஊருக்கு மாற்றல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொந்த ஊரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் போக முடியாதவர் கையெழுத்துப் போடுகிறார். இவ்வளவு சுற்றுவழி எதற்கு? 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், ஆசிரியரை ஆட்குறைப்புச் செய்தால் ஆறு மாதமும் மற்ற பத்திரிகையாளர் என்றால் மூன்று மாதமும் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. ராஜினாமா செய்தவருக்கு அந்த முன்னறிவிப்பு விதி பொருந்தாது. அதனால்தான் யாரும் நீக்கப்படுவதில்லை, எல்லோரும் தாமாகவே விலகுகிறார்கள்.

அந்தச் சட்டமும் இன்று இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அது ரத்தானது; பத்திரிகை ஊழியர் சம்பளத்தை நிர்ணயிக்கிற ஊதியக் குழு என்ற ஏற்பாடும் கூடவே போனது. கடைசியாக வந்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2011இல் அரசு அறிவித்தது, 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதைக் கொடுக்காத நிறுவனங்கள் மீது அவமதிப்பு வழக்கு போடவேண்டி வந்தது. ஒப்பந்த ஊழியருக்கும் அது உண்டு என்று 2017இல் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. ஊரில் நடக்கிற அநியாயத்தையெல்லாம் எழுதுகிற தொழிலில், தன் சம்பளப் பாக்கியைப் பற்றி ஒரு வரி எழுத இடமில்லை.

இத்தனையும் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் கதை. பட்டியலிலேயே இல்லாதவர்கள் வேறு.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், சோழவந்தான். இந்த ஊர்ப் பெயரைத் தலையில் வைத்து வருகிற செய்திகளை எழுதுகிறவர்களுக்குப் பகுதிநேர நிருபர் என்று பெயர். மாதம் ஒரு சிறு தொகை, அல்லது அச்சான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு. அதில் பெட்ரோலுக்கே பற்றாது. ஆகவே அவர் பேப்பர் ஏஜென்டாகவும் இருப்பார், இன்சூரன்ஸ் ஏஜென்டாகவும் இருப்பார், ஸ்டூடியோவோ ஜெராக்ஸ் கடையோ வைத்திருப்பார். விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சிறப்பிதழ் விளம்பரத்துக்கு இலக்கு வைப்பார்கள். இலக்கை முடிக்க அவர் யாரிடம் போவார்? ஒன்றியத் தலைவரிடம், குவாரிக்காரரிடம், தனியார் பள்ளித் தாளாளரிடம், நகைக்கடைக்காரரிடம். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே கையேந்த வைத்துவிட்டு, பத்திரிகையாளர்கள் பணம் வைத்த 'கவர்' வாங்குகிறார்கள் என்று மேடையில் வருத்தப்படுவது பொருந்தாது. கவர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கொடுத்துப் பார்த்த பிறகல்லவா நேர்மையைப் பற்றிப் பேச வேண்டும்?

இவர்களில் ஒருவரை வேண்டாம் என்று சொல்ல ராஜினாமாக் கடிதம்கூடத் தேவையில்லை. அனுப்புகிற செய்தியைப் போடாமல் விட்டால் போதும். ஒரு மாதத்தில் அவருக்கே புரிந்துவிடும். பத்திரிகைத் துறையில் எத்தனை பேர் வேலையிழந்தார்கள் என்று எடுக்கிற எந்தக் கணக்கிலும் அவர் வரமாட்டார், ஏனென்றால் அவர் வேலையில் இருந்ததாகவே ஆவணம் இல்லை.

இப்படிப்பட்ட சின்ன ஆட்கள் என்ன சாதித்தார்கள் என்று கேட்பவர்களுக்குக் கிரானைட் கதையைத்தான் சொல்ல வேண்டும். மதுரை மாவட்டத்தின் மேலூர், கீழவளவுப் பக்கம் மலைகள் கட்டிகட்டியாக அறுபட்டு லாரியில் போனதை நாடறியச் செய்தவர் கலெக்டர் உ. சகாயம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். 2012 மே மாதம் அவர் அரசுக்கு எழுதிய அறிக்கை, இழப்பு ரூ.16 ஆயிரம் கோடிக்கு மேல் என்றது. அவர் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். அவருடைய துணிவில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறிக்கைக்கு இரண்டு ஆண்டுக்கு முன்னால், 2010இல், மதுரையிலிருந்து வருகிற 'தினபூமி' என்ற சிறிய நாளிதழ் சட்டவிரோதக் கிரானைட் குவாரிகளைப் பற்றி எழுதியது. ஜூலை மாதம் அதன் ஆசிரியர் மணிமாறனும் அவர் மகனும் கைது செய்யப்பட்டார்கள். பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன. பெரிய பத்திரிகைகள் குவாரிப் பக்கம் முழுமூச்சாகத் திரும்பியது 2012 ஆகஸ்டில் அரசே சோதனையில் இறங்கிய பிறகு. அறுபட்ட மலை மேலூர் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரிந்த காலத்தில், எழுதத் துணிந்தது விற்பனையில் கடைசி வரிசையில் நின்ற பத்திரிகை.

இப்படிப்பட்ட நிருபர்களை ஏன் குறைக்கிறீர்கள் என்று முதலாளிகளைக் கேட்டால் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வருமானம் விழுந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். அது பொய்யில்லை. இந்திய அச்சு ஊடகத்தின் மொத்த வருமானம் 2019இல் சுமார் ரூ.29,600 கோடி, 2020இல் ரூ.19,000 கோடி, 2023இல் ரூ.26,000 கோடி வரை ஏறியது என்கிறது ஃபிக்கி என்ற தொழில் கூட்டமைப்பும் இ.ஒய். நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிடுகிற அறிக்கை. காகித விலை தனிச் சுமை. இறக்குமதிக் காகிதத்துக்கு 2019 பட்ஜெட்டில் பத்து சதவீதச் சுங்கவரி போட்டார்கள், மறு ஆண்டு ஐந்தாகக் குறைத்தார்கள். 2022இல் உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யக் காகிதம் சிக்கலாகி விலை இரண்டு மடங்குக்குப் போனது. அந்த ஆண்டு மார்ச்சில் இலங்கையில் டாலர் இல்லாமல், காகிதம் இல்லாமல், 'தி ஐலண்ட்' நாளிதழ் சனிக்கிழமை அச்சை நிறுத்தியது. கரும்புச் சக்கையிலிருந்து பத்திரிகைக் காகிதமும் எழுதுதாளும் செய்வதற்காகக் கரூர் மாவட்டம் புகளூரில் 1980களில் ஓட ஆரம்பித்த நம்முடைய டி.என்.பி.எல். ஆலை, இப்போது பெரும்பாலும் எழுதுதாளும் அச்சுத்தாளும்தான் செய்கிறது.

மதுரைக்கென்று இன்னொரு நஷ்டம் உண்டு. இந்த ஊரில் பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் விளம்பரம். அவை பத்திரிகைக்கு வராமல் சுவரொட்டிக்கும் ஃப்ளெக்ஸுக்கும் போய் வெகுகாலமாகிறது. பேப்பரில் இரண்டு அங்குலத்துக்குக் கொடுக்கிற காசில் தெருமுனையில் ஆளுயரத்துக்குப் படம் வைக்கலாம், அதில் பக்கத்தில் சிங்கமும் நிற்கும். வாடகைக்கு வீடு, விற்பனைக்கு மனை என்ற வரி விளம்பரங்களைச் செல்போன் கொண்டுபோனது. மிஞ்சியிருப்பவை நகைக்கடை, ஜவுளிக்கடை, கல்லூரி அட்மிஷன், அரசு.

ஆனால் வருமானம் விழுந்தபோது எதை வெட்டினார்கள் என்பதில்தான் முதலாளிகளோடு சண்டைபோட வேண்டியிருக்கிறது. ராசிபலன் நிற்கவில்லை. சினிமாப் பக்கம் நிற்கவில்லை. உள்ளூர் நிருபர் செலவாகத் தெரிந்தார். சென்னையிலிருந்து ஒரே பக்கத்தை எல்லாப் பதிப்புக்கும் அனுப்புவது மலிவு. மேலூர் தாலுகா ஆபீஸில் ஒருவரை உட்கார வைப்பது விலை அதிகம். வாசகர் விலகுகிறார் என்றார்கள். சென்னைப் பக்கத்தையும் டெல்லிப் பக்கத்தையும் முந்தின நாள் இரவே டி.வி.யில் பார்த்துவிட்ட செல்லூர்க்காரர், காலையில் அதையே காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? கண்மாயைப் பற்றி எழுதியிருந்தால் வாங்கியிருப்பார். 1942இல் ஆதித்தனார் போட்ட கணக்கு அதுதான்.

யூடியூப் இருக்கிறதே, வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. செல்லூரை நாட்டுக்கே தெரியவைத்த செய்தி தெர்மாகோல். 2017 ஏப்ரலில் அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் கே. ராஜூ வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்றடித்து அட்டைகள் கரைக்கு வந்து சேர்ந்தன. அதை ஊரெல்லாம் கொண்டுபோனது மீம். ஆனால் அணைக்குப் போய்ப் படம் எடுத்தவர்கள் செய்தியாளர்கள். மீம் போட்டவர்கள் அவர்கள் எடுத்ததை எடுத்துப் போட்டவர்கள். இன்று மதுரையில் நல்ல யூடியூப் சேனல் நடத்துகிறவர்களில் பலர் பத்திரிகையிலிருந்து வெளியே வந்தவர்கள்தான். அவர்களுடைய பிரச்சினை திறமைக்குறைவு கிடையாது. பார்வையாளர் எண்ணிக்கை வைத்துக் காசு வருகிற இடத்தில் ஜல்லிக்கட்டுக் காளைக்கும் பரோட்டாக் கடைக்கும் வருகிற பார்வை, மாநகராட்சித் தணிக்கை அறிக்கைக்கு வராது.

அந்தத் தணிக்கை அறிக்கையில் என்ன இருக்கும் என்பதற்கும் மதுரையே சாட்சி. நூறு வார்டு, ஐந்து மண்டலம் உள்ள மாநகராட்சியில் கட்டடங்களின் சொத்துவரியைக் குறைத்துக் காட்டிய முறைகேடு 2025இல் வெடித்தது. ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள், அக்டோபரில் மேயரும் பதவி விலகினார். குறைப்பு நடந்தது அதற்கு வெகு முன்பே. கணினியில் ஒரு கடவுச்சொல்லை வைத்து வரியை மாற்றுவதில் படம் எடுக்க ஒன்றுமில்லை, வைரலாக ஒன்றுமில்லை. வரி வசூல் பட்டியலை வார்டு வாரியாகப் பொறுமையாக ஒப்பிட ஆள் இருந்திருந்தால் ஊர் முன்னமே கேள்வி கேட்டிருக்கலாம்.

கணக்கைப் பார்க்க ஆள் இல்லாத ஊருக்கு அமெரிக்காவிலும் ஓர் உதாரணம் உண்டு: கலிபோர்னியாவில் பெல் என்ற சிற்றூர். ஏழை உழைப்பாளிகள் நிறைந்த, நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அதன் நகராட்சி மேலாளர் ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டு லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. 2010இல் 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நிருபர்கள் இருவர் வெளிக்கொண்டு வரும்வரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த ஊர்க் கவுன்சில் கூட்டத்துக்கு எந்த நிருபரும் போவதில்லை. பத்திரிகை மூடிய ஊர்களில் நகராட்சிகள் வாங்குகிற கடனுக்கு வட்டி கூடுகிறது என்று அமெரிக்க நிதியியல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். கண்காணிக்க ஆளில்லாத இடத்தில் பணம் போடுகிறவன் கூடுதல் வட்டி கேட்கிறான். 2005க்குப் பிறகு அந்த நாடு தன் பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கிறது.

தமிழர்கள் பக்கமும் கதவு மூடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. 1924இல் தொடங்கிய மலேசியாவின் 'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றது, நூற்றாண்டுக்கு ஐந்தே ஆண்டு பாக்கி. பக்கத்துச் சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' வெளிவந்துகொண்டிருக்கிறது. அதை வெளியிடும் நிறுவனம் லாபநோக்கற்ற அறக்கட்டளையாக மாற்றப்பட்டு, ஆண்டுக்கு 18 கோடி சிங்கப்பூர் டாலர் வரை அரசு உதவி என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அரசு இவ்வளவு கொடுக்கிற இடத்தில் அரசை எவ்வளவு கேள்வி கேட்க முடியும் என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம்.

இங்கேயும் அரசுப் பணம் போகத்தான் செய்கிறது, டெண்டர் அறிவிப்பாக, சாதனை விளம்பரமாக. அது போகிற விதத்தை மாற்றலாம். முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த அச்சு விளம்பரக் கொள்கை பத்திரிகைகளுக்கு மதிப்பெண் போட்டது: சரிபார்த்த விற்பனைக்கு 25, ஊழியர்களுக்கு வருங்கால வைப்பு நிதி கட்டுவதற்கு 20 என்று. யாருடைய யோசனையோ, நல்ல யோசனை. தமிழ்நாடு அரசு இதை ஒரு படி மேலே கொண்டுபோகலாம். மதுரை மாவட்டத்துக்கான டெண்டர் விளம்பரம் வேண்டுமா, அந்த மாவட்டத்தில் சம்பளப் பட்டியலில் உள்ள நிருபர்கள் எத்தனை பேர், தாலுகா வாரியாகக் காட்டு. யாருக்கு எவ்வளவு விளம்பரம் போனது என்பதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு வெளியிட வேண்டும். இல்லையென்றால் இந்த விதியே, பிடிக்காத பத்திரிகையின் கழுத்தில் போடுகிற கயிறாகிவிடும். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த ஆசை வராமல் இருக்காது.

போலி நிருபர்களும் உள்ளே வந்துவிடுவார்களே என்ற கவலை நியாயமானது. வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் பெருத்துப்போய், 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமே அவர்களை அடையாளம் காண ஓர் அமைப்பை ஏற்படுத்தச் சொன்னது. ஆனால் ஸ்டிக்கர்காரர்கள் பெருகியது, அசல் நிருபர் யார் என்பதற்கு ஊரில் ஆதாரம் இல்லாமல் போனதால். மாதச் சம்பளச் சீட்டைவிட நல்ல அடையாள அட்டை கிடையாது.

பகுதிநேர நிருபர் ஊழியர் ஆவாரா என்று நிர்வாகங்கள் கேட்கும். பத்திரிகை வேலை தனக்கு முதன்மைத் தொழில் இல்லை என்று அவரிடமே எழுதி வாங்கி வைத்திருப்பார்கள். பழைய சட்டம் முழுநேரமோ பகுதிநேரமோ இரண்டையும் பத்திரிகையாளர் என்றுதான் சொன்னது; முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. புதிய சட்டத் தொகுப்பும் அதே வரையறையை எடுத்துக்கொண்டு, மின்னணு, டிஜிட்டல் ஊடகத்தையும் சேர்த்திருக்கிறது. தொழிலாளர்களுக்கு எதிராகப் பலவற்றைச் செய்த தொகுப்பு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மதுரைத் தொழிலாளர் துறை அலுவலகம் இதை வைத்தே வேலையைத் தொடங்கலாம். மாவட்டத்தில் பதிப்பு உள்ள ஒவ்வொரு நாளிதழுக்கும் ஒரு கடிதம்: உங்கள் பக்கத்தில் கடந்த ஆண்டு மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று ஊர்ப்பெயர் போட்டு வந்த செய்திகளை எழுதியவர்கள் யார், அவர்களில் எத்தனை பேருக்கு நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு வைப்பு நிதிக் கணக்கு இருக்கிறது? பதில் வந்தால் அதை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், பேப்பரில் அது வராது.